ஏழாம் தேதி காதுகுத்து

‘டமார்’ என்று வாசலில் ஒரு சத்தம். லோடு ஆட்டோவிலிருந்து இறக்கிய பன்னிரண்டடிச் சட்டம் கை நழுவி, இரும்புக் கேட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. அடுப்படியிலிருந்து ஓடி வந்த யோகலட்சுமியின் கையில் அதே நேரம் பார்த்து செல்போனும் அலறியது.

“ஹலோ... ஹலோ... யாரு, மாஸ்டரா? சொல்லுங்க மாஸ்டர்... இல்ல இல்ல, ஒண்ணுமில்ல. ஃப்ளெக்ஸு வந்து எறங்குது, அந்தச் சத்தந்தான்... ஏங்க, அங்குட்டுப் புடிங்க, சொவத்துல ஒரசுது பாருங்க... ஆங், சொல்லுங்க மாஸ்டர்.”

மகள் ஜனனிக்கு ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுக்கும் நாகநாதன் மாஸ்டர்தான் பேசினார். வாசலில் சட்டத்தின் ஒரு முனையைத் தோளில் தாங்கி நின்ற முத்தரசு, மனைவியைப் பார்த்து ‘யாரு’ என்று புருவத்தால் கேட்டான். உரக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் தோளில் இருந்த ஃப்ளெக்ஸில் பத்து வயது ஜனனி, ஹெல்மெட்டும் சக்கரக் காலணியுமாக, இடுப்பை வளைத்துப் பறந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே ‘காதணி விழா’. காலுக்குக் கீழே ‘டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை’.

“ஆமா... ஆமா... நீங்க எடுத்த போட்டோதான், கண்ணுல ஒத்திக்கலாம் போல வந்துருக்கு. ஃப்ளெக்ஸ் கடைக்காரரு சிரிக்கிறாராம், ஹெல்மெட்டுக்குள்ள காதே தெரியலையே, எங்குட்டு குத்துவீகன்னு... ஹா ஹா... நீங்க வீட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துரணும். மொதப் பந்தி உங்களுக்குத்தான்... என்ன?... என்ன மாஸ்டர், கொரலு ஒரு மாதிரியா இருக்கு?... விழுந்துட்டாளா? ஐயோ, எங்க அடி? தலையிலயா? மாஸ்டர்!”

முத்தரசு சட்டத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். இன்னொரு ‘டமார்’.

“ம்... ம்... விழல... விழலையா? நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்காளா?... எம்புட்டு பயந்துட்டேன் தெரியுமா... ஏங்க, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நல்லாருக்கா, நீங்க போயி அதத் தூக்குங்க... சொல்லுங்க மாஸ்டர்... என்னது? வந்துருச்சா? லிஸ்டா?... ஆமா... ஆமா... நெசமாவா?... இருங்க, இருங்க, இன்னொருக்காச் சொல்லுங்க, இவுகளும் கேக்கட்டும்... அட, ஸ்பீக்கரு எங்குட்டு இருக்குன்னு தெரியல, நீங்க சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்... ஏங்க! உங்க மக மாவட்டத்துக்கே ஓடப்போறாளாம்! நாலு பேரு லிஸ்டுல ரெண்டாவது பேரு! சென்னையில மாநிலப் போட்டி!”

முத்தரசு சிரித்தான். பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு. ஃப்ளெக்ஸ் கட்ட வந்த ஆளிடம், படத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். அந்த ஆளும் ஏதோ தானே பயிற்சி கொடுத்தது மாதிரி தலையாட்டினார்.

யோகலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“சந்தோசம் மாஸ்டர்... ரொம்பச் சந்தோசம்... அதெல்லாம் ரெடி ஆயிரும். இருவது இருவத்தொண்ணுதானே? அதுக்குள்ள சக்கரம் மாத்திருவோம், அந்த ஒடம்போட ஒட்டுன சட்டை கேட்டீகளே அதும் வாங்கிருவோம். விசேஷம் முடிஞ்ச மறுநாளே பணத்தோட வந்து நிப்போம் பாருங்க... ம்... என்ன?... மாறிருச்சா?... ட்ராக்குல வேல நடக்கப் போகுதா... சரி... சரி... அதனால?... முன்னாடியா? எப்ப?...”

அவள் கை, கேட்டின் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“ஆறு ஏழா?”

வாசலில் ஃப்ளெக்ஸ் நிமிர்ந்துவிட்டது. பூவரச மரத்தோடு சேர்த்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாஸ்டர், ஏழாந்தேதிதானே நம்ம விசேஷம்... தெரியும், உங்களுக்குத் தெரியாம என்ன, மொதப் பத்திரிகையே உங்களுக்குத்தானே வச்சோம்... ம்... அஞ்சாந்தேதி சாயங்காலமே அங்க இருக்கணுமா... சனிக்கெழம ஹீட்ஸு, ஞாயித்துக்கெழம ஃபைனலு... ஆமா... ஆமா... அவள மட்டும் சனிக்கெழமையே ஓட விட்டு ராவோட ராவா அனுப்ப முடியாதா மாஸ்டர்?... இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். கோவப்படாதீக... நீங்க மேல ஒரு வார்த்த பேசிப் பாத்தா என்ன? எங்க மாவட்டத்துல ஒரு புள்ளைக்குக் காதுகுத்துன்னு... சரி, அவுக சிரிப்பாகத்தான். எனக்கே கேக்குறப்ப சிரிப்பாத்தான் இருக்கு.”

முத்தரசு பக்கத்தில் வந்து நின்றான். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு, “ஆறு ஏழாம்ங்க” என்றாள். அவன் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பேசு என்பது மாதிரி கையை மட்டும் ஆட்டினான்.

“இருக்கேன் மாஸ்டர், லைன்லதான் இருக்கேன்... தள்ளி வைக்கிறதா? எப்புடி? முன்னூத்தி நாப்பது வீட்டுக்குப் பத்திரிகை வச்சாச்சு. மண்டபத்துக்கு அட்வான்ஸு, சமையலுக்கு அட்வான்ஸு, ரெண்டு கெடா வாங்கிப் பள்ளத்தூர்ல கட்டிக் கெடக்கு. எந்தம்பி உதயகுமாரு சிங்கப்பூர்லருந்து பத்து நாளு லீவுல வாரான். தாய்மாமன் மடியில உக்காத்தாம எப்புடிக் காது குத்துறது?... பதினாலா? பன்னெண்டாந்தேதியே அவன் பிளேன் ஏறிருவான். பதினாறுக்கு மார்கழி பொறந்துரும், யாரு விசேஷம் வைப்பா?... ம்... ம்... அவ இல்லாமயா? புள்ள இல்லாம யாருக்குக் குத்துறது மாஸ்டர், எனக்கா? இந்த வயசுல எந்தம்பி மடியில நானா போயி உக்கார முடியும்?”

சிரித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை போலிருக்கிறது. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது.

“ம்... சொல்லுங்க... ம்...”

கேட்கக் கேட்க யோகலட்சுமியின் முகம் சிவந்துகொண்டே போனது.

“என்ன மாஸ்டர் இப்புடிச் சொல்லிப்புட்டீக? புள்ள படிப்பு, வெளையாட்டு எதுவும் எங்களுக்குப் பெருசு இல்ல, ஊருக்குச் சோறு போட்டுப் பெருமையடிக்கிறதுதான் பெருசுன்னா சொல்றீக?... இல்ல, நீங்க அப்புடிச் சொல்லல, சரி. ஆனா அர்த்தம் அதுதானே?... மாஸ்டர், செத்த நான் பேசுறதக் கேளுங்க. அவளுக்குக் காது மூணு வயசுலயே குத்தியாச்சு!”

முத்தரசு சட்டென்று தலை நிமிர்ந்தான். வேண்டாம் என்று கையசைத்தான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஆமா. நெசந்தான். நகைக்கடையில துப்பாக்கி மாதிரி ஒண்ண வச்சு டக்குன்னு குத்தி விட்டாக. நீங்கதான் தெனம் பாக்குறீகளே, தோடு போட்டுக்கிட்டுத்தானே வாரா?... அப்பறம் எதுக்குன்னா... எதுக்குன்னா என்னத்தச் சொல்றது. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம், ஊருல ஒரு விசேஷம் விட்டதில்ல. கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோறது, அம்புட்டுக்கும் இவுக சம்பளத்துல பிச்சுப் பிச்சு மொய்யும் செய்முறையும் செஞ்சிருக்கோம். அது திரும்பணும்னா நாங்க ஒரு விசேஷம் வைக்கணும். எலை போட்டாத்தான் மாஸ்டர் வரும். எம்மகளுக்குச் சக்கரம் வாங்கணும், நாங்க செஞ்சதத் திருப்பிக் குடுங்கன்னு வீட்டு வாசல்ல போயி நிக்க முடியுமா?... ம்... அதான். அவ ஸ்கேட்டிங்குக்குத்தான் மாஸ்டர் இந்தக் காதுகுத்தே. போட்டி இருவதுன்னு நீங்க சொன்னதக் கேட்டுத்தான், அதுக்கு முன்னாடி பணம் கையில வரட்டும்னு ஏழாந்தேதியப் புடிச்சோம்.”

அவள் காதில், தூரத்தில் சிமென்ட் தரையில் சக்கரங்கள் உருளும் ‘கர்ர்’ சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

“மாஸ்டர்? இருக்கீகளா?... அதெல்லாம் வேணாம், நீங்க எதுக்கு வருத்தப்பட்டுக்கிட்டு... உங்கள ஒண்ணும் சொல்லல. நீங்க ஃபீஸுல ரெண்டு மாசம் விட்டுக் குடுத்ததெல்லாம் எனக்குத் தெரியாதா?... மொத ஸ்கேட்டு வாங்கினப்ப இவுக டூவீலரு போச்சு. இன்னிவரைக்கும் பஸ்ஸுலதான் கடைக்குப் போறாக. பத்து மாசத்துல அந்த ஸ்கேட்டு காலுக்குப் பத்தாமப் போச்சு. எல்லாத் தாயும் புள்ள வளந்தா பூரிப்பா மாஸ்டர். நான் ராத்திரி அவ தூங்குறப்ப காலத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், வளந்துருச்சோன்னு. போன வாரம் பெருவெரல்ல கொப்புளம். ஸ்கேட்டு கடிக்குதாடின்னு கேட்டா, இல்லவே இல்லம்மா, செருப்பு கடிச்சதுங்கிறா. எதையும் கேக்க மாட்டா. கேட்டாக்கூடப் பரவால்ல, சத்தம் போட்டு அடக்கிரலாம். கேக்காத புள்ளய என்ன செய்றது?”

முத்தரசு கேட்டைத் தாண்டிப் போய், ஆட்டோக்காரரிடம் கூலியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது.

“ம்... என்ன?... நீங்களா? நுழைவுக் கட்டணத்த நீங்க கட்டுறீகளா?... ஐயோ, வேணாம் மாஸ்டர், உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு... யாரு? மீனலோசனி வீட்லயா?... ஆமா, இவகூட ஓடுற புள்ள, தேனம்மை ஆச்சி பேத்தி, தெரியும்... காருல ஒரு எடம் இருக்கா... கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்துருவாகளா? ரூமுலயும் கூடவே வச்சுக்குவாகளா?... நல்ல மனுசங்க. ரொம்ப நல்ல மனுசங்க...”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், கார் ஒன்று சென்னைச் சாலையில் போவதும், பின் சீட்டு ஜன்னலில் ஜனனியின் மூக்கு அழுந்தியிருப்பதும் அவள் கண்ணில் தெரிந்தது. அடுத்த கணம் மண்டபம். மேடையில் உதயகுமார் பட்டு வேட்டியோடு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். மடியில் யாருமில்லை. முன்னூற்று நாற்பது வீட்டுச் சனம், கையில் கவரை வைத்துக்கொண்டு, பிள்ளை எங்கே என்று கேட்கிறது.

“எல்லாம் சரிதான் மாஸ்டர். காரு இருக்கு, பணம் இருக்கு, ரூமு இருக்கு... ஏழாந்தேதி ஒண்ணுதான் இல்ல. அத யாரு குடுப்பா?... ம்... ம்... இல்ல, இந்த விசேஷத்துக்கே வெளியில கடன் வாங்கித்தான் செலவு பண்ணிக்கிட்டு இருக்கோம். இது நின்னுச்சுன்னா அடுத்த மாசம் ஸ்கேட்டிங் இல்ல, பள்ளிக்கூட ஃபீஸே இல்ல... எப்பச் சொல்லணும்? ஆறு மணிக்குள்ளயா? இன்னிக்கேவா?... அஞ்சாவது யாரு இருக்கா?... சத்தியப்பிரியாவா. ம். அதும் பாவம் நல்லா ஓடுற புள்ளதான்.”

மாலை வெயில் ஃப்ளெக்ஸின் மேல் விழுந்து பளபளத்தது. மணி ஐந்தரை தாண்டியிருந்தது.

“ஏங்க... ஏங்க, இங்குட்டு வாங்க... என்ன சொல்லட்டும்?”

முத்தரசு திரும்பவில்லை. வலது கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, அப்படியே தொங்கவிட்டான்.

“இவுக ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாக மாஸ்டர்... ம்... அந்தப் புள்ள பேரையே குடுத்துருங்க... ஆமா. யோசிச்சுத்தான் சொல்றேன்... அடுத்த வருசம்... ஆமா, ஆமா, அடுத்த வருசம் பாப்போம்... பதினொண்ணு முடிஞ்சா வேற பிரிவா? பெரிய புள்ளைகளோடயா?... அதெல்லாம் இப்பச் சொல்லாதீக மாஸ்டர், கேக்க முடியல.”

அப்போதுதான் சக்கரச் சத்தம் போனுக்குள் நெருங்கி வந்து, ‘சர்ரக்’கென்று நின்றது. மூச்சிரைக்கிற ஒரு சின்னக் குரல். யோகலட்சுமிக்கு அந்த மூச்சு தெரியும். மாஸ்டரிடம் என்ன கேட்கிறது என்றும் தெரியும். ஒரு வாரமாக வீட்டில் ஜனனி விடிந்ததும் கேட்கிற ‘லிஸ்டு வந்துருச்சா’தான்.

“மாஸ்டர், போனக் குடுக்காதீக! குடுத்துராதீக! ஒரு சுத்து சுத்திட்டு வாடான்னு சொல்லுங்க... போயிட்டாளா?... நல்லாப் பாருங்க... அவகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலையே?... நல்லது...”

யோகலட்சுமி கேட்டிலிருந்து விலகி, சுவரோரமாக, கணவனுக்குக் கேட்காத தூரத்துக்கு நடந்தாள். குரலை இறக்கினாள்.

“காதுகுத்தாலதான் போகலேன்னு தெரிஞ்சா, அன்னிக்கு மாமன் மடியில அவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவா? சனமெல்லாம் பாக்குமே... காலத்துக்கும் எங்களத்தானே சொல்லுவா... அதனால... மாஸ்டர், கும்புட்டுக் கேக்குறேன்... நல்லா ஓடல, லிஸ்டுல உம்பேரு வரலைன்னு நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க.”