தும்மலுக்குப் பயந்தவள்

காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை. சுற்றிலும் பெங்காலிகள்தானே என்ற தைரியத்தில் தமிழில் உரக்கவே பேசினார்கள்.

“தும்மினாலே நனைஞ்சிடுது அண்ணி. பாப்பாவுக்குத் துணி மாத்துறப்ப எனக்கும் மாத்த வேண்டியிருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. யாருமே வெளிய சொல்றதில்ல. ஒண்ணுக்கு அடக்குற மாதிரி உள்ள இறுக்கிப் பிடி, அப்புறம் விடு. டாக்டர் சொல்லித்தான் செஞ்சேன், சரியாயிடுச்சு.”

“எனக்கு உக்காரவே நேரமில்லயே.”

“இப்ப உக்காந்துதானே இருக்க? செய். யாருக்குத் தெரியப்போகுது?”

பேச்சு நின்றது. இருவரும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார்கள்.

எதிரே நானும் இறுக்கிப் பிடித்திருந்தேன். நான் பெற்ற மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.