ஊமை மணியின் சொந்தக்காரர்

இருங்க மச்சான், அவசரப்படாதீங்க. கார்டு மேசை மேலயே இருக்கட்டும். சுத்தியல் கார்டைப் போட்டு உங்க ஊமை மணி கார்டை உடைச்சுட்டேன், சரி. ஆனா உடைஞ்சதோட முடியலையே. நடுவரைக் கூப்பிட்டிருக்கேன், பக்கத்து மேசையில மூணாவது இடத்துக்கான ஆட்டத்தை முடிச்சுட்டு வராரு.

எதுக்கா? சொல்றேன். இந்த ஊமை மணி வீரனும் இல்ல, பூதமும் இல்ல. வெறும் பொருள். தானா போய் யாரையும் அடிக்காது. ஓரமா உக்காந்துக்கிட்டு பழி சேர்க்கும். எந்தப் பக்கம் ஆள் விழுந்தாலும் அது மேல ஒரு சிவப்புக் கல்லு வைக்கணும், அதுக்குப் பேருதான் பழி. பழி ஏற ஏற, மணியை வச்சிருக்கிறவனோட ஆளுங்களுக்கு பலம் ஏறும். இவ்வளவு நேரம் என்னைப் போட்டுத் துவைச்சீங்களே, அது அந்த பலம்தான்.

உடைஞ்சா? அத்தனை பழியும் சொந்தக்காரர் தலையில. கண்ணாடியை மாட்டிட்டு நல்லாப் படிங்க. வச்சிருக்கிறவர்னு போடலை, சொந்தக்காரர்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு எல்லாரும் நினைச்சுக்குறாங்க. ஒண்ணா மச்சான்? உங்களுக்குத் தெரியாததா.

இந்தப் போட்டியில இரவல் கார்டு வச்சு ஆடலாம்ல. அதனால நடுவர் வந்து, இது யாரோட கார்டுன்னு கேப்பாரு. நீங்க சொல்ற பதிலை மைக்ல சொல்லுவாரு.

கடையில வாங்குனதா? இருக்கலாம், நிறைய பேர்கிட்ட இருக்கிற கார்டுதான். உறையிலேருந்து உருவிப் பாருங்களேன். மேல் ஓரத்துல பழுப்பா ஒரு தடம் இருக்கா? இஸ்திரிப் பெட்டித் தடம். என் சட்டைப் பையில இருந்ததைச் சட்டையோட சேர்த்துத் துவைச்சுட்டு, நான் அழுத அழுகை தாங்காம எங்கம்மா தேய்ச்சு நிமித்துன கார்டு. அந்தத் தடம் அக்காவுக்கும் தெரியும்.

கார்டைக் கையால எதுக்கு மறைக்கிறீங்க? நான் பிடுங்க மாட்டேன்.

அது காணாமப் போன அன்னைக்கு, என் தம்பி, அந்தச் சின்னவன் எடுத்து வித்துட்டான்னு சொன்னது நீங்க. வீட்டு மாப்பிள்ளை சொன்னா பொய்யா இருக்குமா? அப்பா அவனை ஓங்கி அறைஞ்சாரு. கூடப்பிறந்த அக்காவே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டா. போட்டிருந்த சட்டையோட போனவன், அம்மா சாவுக்குக்கூட வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டான்.

இப்ப பாருங்க. இது என் கார்டுன்னு நீங்க சொன்னா, பழி மொத்தமும் உங்க மேல, ஆட்டம் எனக்கு. இல்ல, இது என் மச்சினனோடதுன்னு சொன்னா, பழி என் மேல. நான் காலி. இத்தனை வருஷமா கைக்கு எட்டாத கோப்பை உங்களுக்கு.

கேலி பண்ணலை. நீங்கதான் ஜெயிக்கணும்னு ஆசைப்படுறேன். இல்லன்னா சுத்தியலை ஆரம்பத்துலேருந்து கையில வச்சுக்கிட்டு, என் ஆளுங்களை ஒவ்வொருத்தனா சாக விட்டிருப்பேனா?

இதோ, வந்துட்டாரு. அக்கா முன் வரிசையில இருக்கா, பாத்தீங்கல்ல? கடைசி வரிசையில தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறது சின்னவன். நான்தான் வரச் சொன்னேன்.

கேக்குறாரு பாருங்க. கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க மச்சான், அவனுக்குக் கேக்கணும்.