கதவுக்கு ஒரு கல்

இந்த அறைக் கதவுக்கு உள்பக்கமும் கைப்பிடி இருக்கிறது. நல்லது.

எங்கள் வீட்டுச் சாமான் அறைக் கதவுக்கு அது இல்லை. எப்போதோ கழன்று விழுந்தது. நாளைக்கு மாட்டுகிறேன் என்று சொல்லியே அப்பா காலத்தை ஓட்டிவிட்டார். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பிறகு வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். அதனால் நிலைப்படி ஓரமாக ஒரு கருங்கல் கிடக்கும். உள்ளே போகும்போது காலால் அதைத் தள்ளிக் கதவுக்கு அண்டக் கொடுப்போம். வேற்றாளுக்கு இது தெரியாது. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கால் தானாகப் போகும்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அச்சகத்தில் என் வேலையும் போயிற்று. அந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அக்கா அதை விற்க வந்தாள். வாங்குகிற ஆளையும் பேசி முடித்திருந்தாள்.

"நீ எங்கூட வந்துடு வாலு. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

சின்ன வயதில் அவள் பின்னாலேயே திரிந்ததால் எனக்கு அந்தப் பெயர்.

"மாமா மூஞ்சியப் பாத்துக்கிட்டே நான் சாப்பிடணுமா?"

"அவரு மூஞ்சிய நானே பாக்குறதில்ல. நீ தட்டப் பாத்துச் சாப்பிடு."

சிரித்தேன். அவள் குளிக்கப் போனபோது கல்லை எடுத்துத் தோட்டத்தில் போட்டேன். பிறந்த வீட்டை அவள் மறந்துவிட்டாளா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மறந்தவளுக்கு விற்க என்ன உரிமை?

அம்மாவின் தையல் மெஷினைப் பார்க்க அவள் அந்த அறைக்குப் போனாள். கல்லின் நினைவே இல்லை. மாட்டிக்கொண்டாள்.

முதலில் அவளுக்கும் சிரிப்புதான். "டேய், கழுதை வயசாச்சு, இன்னும் வெளையாட்டா? தொற." பிறகு திட்டினாள். பிறகு அழுதாள். வீட்டை விற்கவில்லை, எல்லாம் உனக்கே என்றாள். நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகிப் போன பிறகு அவள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"தண்ணியாவது குடுடா."

கதவைத் திறக்காமல் எப்படிக் கொடுப்பது? திறந்தால் போய்விடுவாள்.

கூடத்தில் கிடந்த அவள் போன் அடித்தது. "அக்கா காலையிலேயே கெளம்பிட்டா மாமா. போன மறந்து வெச்சுட்டுப் போயிட்டா" என்றேன். அதை அவளும் கேட்டிருப்பாள்.

மறுநாளும் பேசினோம். அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் நான் மட்டும் பேசினேன். நீங்கள் வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கல்லின் நினைவே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது சரியில்லை. நிலைப்படி தாண்டும்போது அவள் கால் பக்கவாட்டில் போயிற்று. குனிந்து பார்க்கவில்லை. பாதம் வெறுந்தரையைத் துழாவியது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கல்லு எங்கடா? சரி விடு, நீதான் நிக்கிறியே. புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். அவள் மெஷின் வரைக்கும் போகட்டும் என்று பொறுத்திருந்து, கையை எடுத்தேன்.

மற்றபடி, கதவு தானாகத்தான் சாத்திக்கொண்டது.