கேப்டன் இறந்ததாக…

பெனிஷா: நிப்பாட்டுலே அத! ஏலே ஆண்டனி... காது கேக்குதா இல்லையா? மோட்டார நிப்பாட்டு!

ஆண்டனி: இரு அக்கா, மோட்டாருக்குக் காயில் கட்டி இப்பத்தான் ஓட்டிப் பாக்குறேன்... என்னாக்கா, தலையெல்லாம் விரிஞ்சு கெடக்கு? வீட்டுல இருந்து ஓடியாந்தியா? கேஸு கீஸு ஏதும் கசிஞ்சு...

பெனிஷா: கேஸும் இல்ல, கீஸும் இல்ல. இந்தா, போனப் பாரு. பாருலே!

ஆண்டனி: கையெல்லாம் வார்னிஷு. நீயே காட்டு.

பெனிஷா: நம்ம புக்கு... "கருந்துளைக் கரை"... ஊரே பேசுது!

ஆண்டனி: எந்த ஊரு? நம்ம பழனிசெட்டிபட்டியா?

பெனிஷா: கிண்டலா? ஜெயமங்கலத்துல திரிஷான்னு ஒரு பிள்ள, காலேஜ் படிக்குது. புக்கக் கையில வச்சுக்கிட்டு வீடியோ போட்டுருக்கு. கேப்டன் இளவழுதி சாகவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லுது!

ஆண்டனி: இரு, இந்தக் காயில ஒரு தடவ பாத்துக்கிறேன்...

பெனிஷா: என்னாலே, நான் பேசுறப்ப காயிலயா பாக்குற?

ஆண்டனி: இல்ல... தொடர்லதான் விண்வெளிக் கப்பல் வெடிச்சுச் செதறுதே. செல்போன்ல நானே மூணு தடவ பாத்தேன். நீயும் அப்பிடித்தான எழுதுன?

பெனிஷா: தொடர் எடுக்குறவுக அப்பிடித்தான் எழுதச் சொன்னாக. தொடர்ல வந்த கதையத்தான் நாவலா எழுதணும், எங்க ஆளுகள நீங்க கொல்லவும் கூடாது, நாங்க கொன்ன ஆள எழுப்பவும் கூடாதுன்னு மொத நாளே கறாராச் சொல்லிட்டாக. கேப்டனா நடிச்சவரு வேற தொடருக்குப் போயிட்டாராம். அதனால கேப்டன் செத்தது செத்ததுதான்.

ஆண்டனி: பெறகு எத வச்சு அந்தப் பிள்ள சாகலைங்குது?

பெனிஷா: ஒத்த எழுத்த வச்சு! ஒரே ஒரு "த"!

ஆண்டனி: ...என்னா "த"?

பெனிஷா: தொடர்ல அந்த ரோபோ, ஏழு, கீச்சு கீச்சுன்னு சத்தம்தான போடும்? முந்நூறு பக்கத்துக்குக் கீச்சு கீச்சுன்னா எழுத முடியும்? அதுக்குப் புரோகிராம் போட்ட மெக்கானிக்கு தேனிக்காரன்னு ஒரு வரியச் சொருகிட்டு, நம்ம பேச்சக் குடுத்தேன்ல? "கேப்டன் வந்தாக. கேப்டன் காப்பி குடிச்சாக."

ஆண்டனி: அதுக்கு புக்கு எடிட்டரு அபிதா மேடம் ஒண்ணு கேட்டாகளே... "வந்தாக"ன்னு பாதியில நிக்குது, "வந்தாக வேண்டும்"னு முழுசாப் போடுங்கன்னு!

பெனிஷா: "கேப்டன் காப்பி குடித்தாக வேண்டும்"! அய்யோ, நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. மரியாதைக்குச் சொல்றது மேடம், உங்கூருல வந்தாருங்கிறது எங்கூருல வந்தாகன்னு புரியவைக்க ஒரு நாப் பூராம் போச்சு. சரி, கேளு. கடைசிப் பக்கத்துல ஏழு தலைமை நிலையத்துக்கு ஒரு செய்தி அனுப்பும்ல...

ஆண்டனி: "கேப்டன் இறந்தாக."

பெனிஷா: நான் எழுதுனது அதான். புக்குல என்னா இருக்கு தெரியுமா? "கேப்டன் இறந்ததாக."

ஆண்டனி: அட... அச்சடிச்சவன் தப்பாப் போட்டுருப்பான்.

பெனிஷா: இருக்கும், இருக்கும். ஆனா அந்தப் பிள்ள சொல்றதக் கேளு. "புக்கு பூராம் எங்கூருப் பேச்சு பேசுன ஏழு, கடைசி வரியில மட்டும் எதுக்கு ஆபீஸ் பாசைக்கு மாறுது? இறந்தாகன்னா செத்துட்டாக, முடிஞ்சுபோச்சு. இறந்ததாகன்னா யாரோ சொல்லச் சொன்னது. ஏழு எதையோ மறைக்குது!" எப்பிடி?

ஆண்டனி: யாத்தே! கில்லாடிப் பிள்ளையா இருக்கே!

பெனிஷா: கீழ பாரு, கமெண்ட்ட. போடிக்காரன், உத்தமபாளையத்துக்காரன், வடுகபட்டியில பூண்டு யாவாரம் பாக்குற ஒருத்தரு... எல்லாரும் ஒரே கேள்வி. "கேப்டன் எங்க?" குமுளியில இருந்து ஒரு சேட்டன் மலையாளத்துல கேக்குறாருலே!

ஆண்டனி: அக்கா... உம் பேரு எங்கயாச்சும் போட்டுருக்காகளா?

பெனிஷா: எம் பேரா? அட்டையில இருந்தாத்தான போடுவாக. உள்பக்கத்துல எறும்பு சைஸுல கெடக்கு. பறக்குற பூனை கார்ட்டூனுக்கு ஆறு புக்கு எழுதுனேன், அதுலயும் பூனை பேருதான். கார் ரேஸ் கேமுக்கு எழுதுனதுல அந்த எறும்பும் இல்ல. ஞானசெல்வி சித்தி இன்னைக்கும் கேக்குது, "ஏத்தா, இன்னும் வேலைக்குப் போகாம வீட்டுலயேதான் இருக்கியா?"ன்னு. 

ஆண்டனி: சித்தி கெடக்கு, விடு. ஏ, போன் அடிக்குது!

பெனிஷா: அபிதா! மேடம்... ஆங், சொல்லுங்க... தம்பி கடையிலதான் நிக்கிறேன். ஸ்பீக்கர்ல போட்டுக்கிறவா?

அபிதா: போடுங்க, போடுங்க. பெனிஷா, ஆபீஸே அல்லோலகல்லோலப்படுது! தொடரோட டைரக்டர் உள்ள உட்கார்ந்திருக்கார், நான் வராண்டாவுல நிக்கறேன். அந்த வீடியோவ எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டாங்க. ஒரே ஒரு கேள்விதான். அந்த "இறந்ததாக"... பிழையா? இல்ல வேணும்னே வச்சதா?

பெனிஷா: அது...

அபிதா: இருங்க, முழுசா சொல்லிடறேன். பிழைன்னா அடுத்த பதிப்புல திருத்திடுவாங்க. கேப்டன் செத்தாச்சு, கதை முடிஞ்சுது. வேணும்னே வச்சதுன்னா... ரெண்டாவது புத்தகம். கேப்டன் திரும்பி வர்றார். தொடர்ல வந்தத எழுதறதில்ல, உங்க சொந்தக் கதை. அதுலேருந்து அவங்க தொடர் எடுப்பாங்க!

ஆண்டனி: தலைகீழா!

அபிதா: ஆமா, தலைகீழா! அட்டையில உங்க பேர் போடணும்னு நானே கேட்டுட்டேன். சரின்னுட்டார்.

பெனிஷா: ...அட்டையிலயா?

அபிதா: அட்டையில. பெருசா. ஆனா ஒண்ணு, கேப்டன் எப்படிப் பிழைச்சார்னு இன்னிக்கே தெரியணுமாம். வேணும்னே வச்சிருந்தா பதிலும் அவங்ககிட்ட இருக்கும்லங்கறார். சொல்லுங்க... பிழையா, வேணும்னேவா?

பெனிஷா: பிழை இல்ல மேடம். தெரிஞ்சுதான் விட்டேன்.

அபிதா: சூப்பர்! அவர் டீ குடிச்சிட்டிருக்கார். குடிச்சு முடிக்கட்டும், கூப்பிடறேன். ரெடியா இருங்க!

ஆண்டனி: அடி ஆத்தீ! என்னா பொய்யி! மாதா படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இம்புட்டுத் துணிச்சலா சொல்ற!

பெனிஷா: பேசாத. யோசி. வெரசா யோசி! டீ எம்புட்டு நேரம் குடிப்பாக?

ஆண்டனி: ஏசி ரூம்லன்னா வெரசா ஆறிப்போகும்... செத்தது கேப்டனே இல்லக்கா, அவரு அண்ணன். ரெட்டப் பிள்ளைக!

பெனிஷா: போலே. அதக் கேட்டா டைரக்டரு மிச்ச டீய எம் மேல ஊத்துவாக.

ஆண்டனி: எல்லாம் கனவுன்னு சொல்லிரு.

பெனிஷா: முந்நூறு பக்கமும் கனவா? திரிஷா ஜெயமங்கலத்துல இருந்து கெளம்பி வந்து அடிக்கும்.

ஆண்டனி: நடிச்சவரும் இல்லையே இப்ப. திரும்பி வந்தா மூஞ்சிக்கு என்னா பண்ணுவாக?

பெனிஷா: வெந்துபோச்சுன்னு துணியச் சுத்திவிட்டா யாரு நடிச்சா என்னா? அது அவுக பாடு. என் பாடு கப்பலு. கப்பலு கருந்துளைப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுது... பிரேக்கு இல்ல... ஒரு பக்கம் பள்ளம்... பிரேக்கு இல்லாம...

ஆண்டனி: குமுளி மலையில அப்பா ஓட்டுன மாதிரி.

பெனிஷா: என்னா சொன்ன?

ஆண்டனி: இல்ல... பிரேக்கு புடிக்கலைன்னு அன்னைக்கு... பஸ்ஸு நெறைய ஆளு...

பெனிஷா: மலைப்பக்கம் சாச்சாக!

ஆண்டனி: ஆமா. கியரக் கொறைச்சு, மலைப்பக்கமா ஒரசிக்கிட்டே எறக்குனாக. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. "பள்ளத்தப் பாத்தா கை பள்ளத்துக்குத்தான் போகும்டா, நீ மலையப் பாரு"ன்னு ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக.

பெனிஷா: ஏலே! பக்கத்துல செத்த நிலா ஒண்ணு சுத்துதுல்ல... மூணாம் அத்தியாயத்துல வந்துச்சே, ஐஸும் தூசியுமா! அதுதான் மலை! அதுமேல கப்பல ஒரசவிட்டா வேகம் கொறையும்லே!

ஆண்டனி: அப்ப வெடிச்சது?

பெனிஷா: பின்பக்கம் மட்டும். கழட்டிவிட்டுட்டாக! பாதிக் கப்பலு வெடிச்சுச்சு, மீதிப் பாதி நிலா மேல கெடக்கு, உள்ள கேப்டன்... உசுரோட!

ஆண்டனி: நீ எழுதறப்பவே கேக்கணும்னு இருந்தேன்க்கா. கேப்டன் கப்பல எடுக்குறதுக்கு முன்னாடி அதோட கால எட்டி ஒரு ஒதை ஒதைச்சுப் பாக்குறாருல்ல...

பெனிஷா: தொடர்ல அது கெடையாது. நான் வச்சது.

ஆண்டனி: அப்பா டயர ஒதைக்கிற மாதிரியே.

பெனிஷா: ...அப்பாதாண்டா. வேற யாரு? தொடர்ல அந்த ஆளுக்குத் தாடியும் கூலிங்கிளாசுந்தான் இருந்துச்சு. உள்ள பூராம் லூர்துநாதன் டிரைவர வச்சேன். தொடர் எடுக்குறவுகளுக்குத் தெரியாது.

ஆண்டனி: எனக்குத் தெரிஞ்சுச்சு. பத்தாம் பக்கத்துலயே.

பெனிஷா: அடிக்குது... அடிக்குது! சேசுவே!

அபிதா: பெனிஷா, அவர் டீயக் கீழ வச்சுட்டார். சொல்லுங்க!

பெனிஷா: மேடம், கேப்டன் கருந்துளையோட மல்லுக்கட்டல. பக்கத்துல இருந்த செத்த நிலா மேல கப்பலச் சாச்சு ஒரசவிட்டாக. பின்பக்கத்தக் கழட்டிவிட்டாக, வெடிச்சது அது. அவுக உசுரோட இருக்காக.

அபிதா: ஓகே... ஓகே! ஆனா ஏன் செத்ததா நடிக்கணும்?

பெனிஷா: கப்பல்ல பிரேக்கு தானாப் போகல. தலைமை நிலையத்துல எவனோ அத்துவிட்டிருக்கான். உசுரோட இருக்கிறது தெரிஞ்சா மறுபடி வருவான்ல?

அபிதா: அய்யோ... சரி, அந்த ரோபோ? அதுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே! தொடர்லயே வருது அது. மாத்த முடியாது.

பெனிஷா: பொய்யே சொல்லலையே மேடம்! கேப்டன் என்னா சொன்னாகளோ, அத அப்பிடியே அனுப்புச்சு. நடுவுல சிக்னல் அந்துபோச்சு. பாதி வாக்கியந்தான் வந்து சேந்துச்சு. "கேப்டன் இறந்ததாக."

அபிதா: மீதி?

பெனிஷா: மீதிதான் ரெண்டாவது புக்கோட மொத வரி. "...ச் சொல்லச் சொன்னாக."

அபிதா: "கேப்டன் இறந்ததாகச் சொல்லச் சொன்னாக"... எனக்குப் புல்லரிக்குது பெனிஷா. இருங்க, வச்சுடாதீங்க, உள்ள ஓடறேன்!

ஆண்டனி: அக்கா! அக்கா, அந்த "சொன்னாக"... ஏழு திரும்ப நம்ம பேச்சுக்கே வந்துருச்சுக்கா!

பெனிஷா: கையப் புடிக்காதலே, வார்னிஷு! ச்சு... உள்ள சத்தம் கேக்குதா? சிரிக்கிறாகளா, திட்டுறாகளா?

ஆண்டனி: கை தட்டுறாக மாதிரி இருக்கு...

அபிதா: பெனிஷா! டைரக்டர் ஒத்துக்கிட்டாக!

பெனிஷா: மேடம்! "ஒத்துக்கிட்டாக"ன்னா சொன்னீக?

அபிதா: சரியா சொன்னேனா? அட்டையில பேர் என்னன்னு போடணும்? முழுசா சொல்லுங்க.

பெனிஷா: லூர்துநாதன் பெனிஷா. அப்பா பேரு முன்னாடி... முழுசா. எல்.னு மட்டும் போட்டுராதீக.

அபிதா: போட மாட்டோம். நாளைக்குப் பேசுவோம். போய் ஸ்வீட் சாப்பிடுங்க!

ஆண்டனி: அட்டையில அப்பா பேருக்கா... தேனி பஸ் ஸ்டாண்டுக் கடையிலயே தொங்கும்! இரு, ராக்கப்பன் அண்ணன் கடையில அல்வா வாங்கியாரேன்.

பெனிஷா: அல்வா இருக்கட்டும். எதுக்கு நீ அழுகுற?

ஆண்டனி: எவன் அழுகுறான்? வார்னிஷு நெடி... அக்கா, ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது. அனுப்புறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருன்னு லேப்டாப்பக் குடுத்தில்ல... ஆஸ்பத்திரியில இருந்து சித்தப்பா போன்ல சொன்னாகளே, "அப்பா இறந்துட்டாக"ன்னு... அந்தக் கடைசி வரி அப்பிடியே அவுக குரல்லயே கேட்டுச்சு. என்னால தாண்டிப் போக முடியல. ஒரு "த"வப் போட்டேன். அதப் போட்டா சும்மா யாரோ சொன்ன மாதிரி ஆயிருச்சு... நிசமில்லாத மாதிரி. அச்சுக்காரன் மேல பழியப் போட்டேன். ஒன்னையவும் பொய் சொல்ல வச்சுட்டேன்.

பெனிஷா: நான் எங்கடா பொய் சொன்னேன்? தெரிஞ்சுதான் விட்டேன்னு சொன்னேன்ல? கடைசித் திருத்தத்துக்கு வந்தப்பவே அந்த "த"வப் பாத்தேன். ஓன் வேலைதான்னும் தெரிஞ்சுச்சு. அழிக்கலாம்னு கைய வச்சேன்... அழிச்சா அப்பா மறுபடியும் செத்துருவாகடா.