பறக்கத்து கூடின வீடு

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு வாப்பா இருந்தார். பக்கத்தில் அவர் மகள். மகளுக்கு அந்தப் பக்கம் மாமி. பின்னால் கருவாட்டுப் பையோடு நான்.

மகளுக்கு மறுநாள் கொழும்பில் விசா இன்டர்வியூ. அதற்கு உடுப்பு எடுக்கப் போகிறார்கள். வாப்பா ஆபிசர் மாதிரி கேட்டுப் பழக்கினார்.

"வெளிநாட்டுல ஏன் படிக்கப் போற?"

"அங்க படிப்பு நல்லம்."

"அது எல்லாரும் சொல்றது. மெய்யச் சொல்லு மகள்."

"வீட்டுல படிக்க ஏலா வாப்பா. ஒரு பக்கம் புரட்டுறதுக்குள்ள ஒரு ஆள் வாராங்க."

"வீட்டுக்கு ஆக்கள் வாறது பறக்கத்து புள்ள, அல்லாட அருள்," என்றார் மாமி.

"பறக்கத்து கூடித்தான் ரெண்டு தரம் சோதினையில தவறினேன்."

வாப்பா ஆபிசர் குரலிலேயே அடுத்ததைக் கேட்டார்.

"அங்க ஆரும் வரமாட்டாங்களா?"

"சொல்லாம வரமாட்டாங்க."

"அப்ப நாங்க சொல்லிட்டு வாறம்," என்றார் மாமி.

மகள் வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஆபிசர்ட்ட இதையே சொல்லட்டா வாப்பா?"

"சொல்லு. நம்பாட்டி மாமியக் காட்டு."

"மாமியும் கொழும்புக்கு வாறீங்களா?"

"பின்ன? உன்னத் தனிய விட ஏலுமா?"

"வேற ஆர் வாராங்க?"

மாமி விரல் மடித்தார். ஒரு கை முடிந்தது, மறு கை முடிந்தது, திரும்ப முதல் கைக்கு வந்தார்.

"பதினாலு."