அம்மையை எந்த எழுத்தில் வைப்பது?

தலைமை ஏற்றிருக்கும் தமிழர் மன்றத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், பக்தவத்சலம் ஐயாவின் துணைவியார் ருக்கு அம்மா அவர்களே, ஃபீனிக்ஸ் பே கப்பல் அலுவலகத்திலிருந்து வேலை உடுப்போடு நேரே வந்திருக்கும் நண்பர்களே, கலைக்களஞ்சியக் குழுவின் உதயசூரியன் அவர்களே, உள்விளக்குச் சபையின் மூத்தவர் அன்னம்மாள் அக்கா அவர்களே, அக்காவோடு வந்திருக்கும் சபைச் சகோதரிகளே, வணக்கம். ஐயாவின் தம்பி திக்லிபூரிலிருந்து கிளம்பியும் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை. அவரையும் வந்தவராகவே எண்ணிக்கொள்கிறேன்.

கலைக்களஞ்சியச் செம்மல் பக்தவத்சலம் ஐயா மறைந்துவிட்டார். பகலெல்லாம் கப்பல் சீட்டு எழுதினார். மாலையெல்லாம் இந்தத் தீவுகளில் குடியேறிய தமிழருக்காகக் கலைக்களஞ்சியம் எழுதினார். யார் கேட்டார்கள் அவரை? யாரும் கேட்கவில்லை. நம் கோயிலும், மாதா கோயிலும், எங்கள் உள்விளக்குச் சபையும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று அவரே நினைத்தார்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வழிபாடு பற்றிய எந்தக் கட்டுரையையும், நம்புகிறவர் ஒருவரையும் நம்பாதவர் ஒருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து உரக்கப் படிப்பார். இருவரும் கையெழுத்திட்டால்தான் அச்சுக்குப் போகும். எங்கள் சபை வணங்கும் அம்மையைப் பற்றிய கட்டுரைக்கு, வீட்டில் நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்த என்னை நம்புகிறவளாக உட்காரவைத்தார். எதிரே உதயசூரியன் அவர்கள்.

“அம்மை ஒளியிலிருந்து தோன்றினார் என அன்பர்கள் கருதுகின்றனர்” என்று படித்தார்.

“கருதுறோமா? அது நடந்தது ஐயா” என்றேன்.

“நீங்க பாத்தீங்களாம்மா?”

“பாக்கலை. நம்புறோம்.”

“அச்சா. அதைத்தான் எழுதியிருக்கேன்.”

உதயசூரியன் அவர்கள் சிரித்தார். “பக்கா ஏமாத்துன்னு ஒரு வரி சேருங்க சார்.”

“உங்களை ஏமாத்தினாங்களா? எப்போன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார் ஐயா. உதயசூரியன் அவர்களின் சிரிப்பு நின்றது. எனக்கு வந்தது.

ஆனால் கட்டுரையின் தலைப்பில் எல்லாரும் தடுக்கி நின்றோம். துறவியோ காண்ட்ராக்டரோ, பிறந்த பெயரில்தான் கட்டுரை வரும் என்பது ஐயாவின் விதி. அம்மையின் பிறந்த பெயரை உச்சரிப்பவர் விளக்கேற்றக் கூடாது என்பது சபையின் விதி. அம்மை பிறந்த தெருவில் பிறந்தவள் நான். பெயர் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

“வீட்டுக்காரர் பேரையும் சொல்லமாட்டீங்க, சாமி பேரையும் சொல்லமாட்டீங்க. பேரில்லாத ஆளை நான் எந்த எழுத்துல வைக்கிறது? அம்மைன்னு வச்சா, எல்லா ஊர் அம்மையும் ‘அ’வுல வந்து வரிசை கட்டிடுவாங்க” என்றார் ஐயா.

ஊருக்கு எழுதிக் கேட்டிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். கேட்டாரா? கேட்கவில்லை. நம்புகிறவர் வாயிலிருந்து வரட்டும் என்று இடத்தை வெறுமையாகவே விட்டுவைத்தார். வெறுமையாகவே விட்டுப் போய்விட்டார்.

மெயின்லேண்ட் போகும் அடுத்த கப்பலில் தாள்கள் அச்சுக்குப் போகவேண்டும். “பேரு இல்லைன்னா என் கையெழுத்து இல்லை, சகோதரி” என்கிறார் உதயசூரியன் அவர்கள். “பேசிட்டு வாடி. பேரு மட்டும் வாயில வந்துச்சுன்னா, வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வராதே” என்கிறார் அன்னம்மாள் அக்கா. ஊரில் என்றால் அடுத்த ஊர்ச் சபைக்குப் போகலாம். இங்கே எங்கே போவேன்? அபர்டீன் பஜாரில் சபை கூடும் அந்த ஒரு மாடிதான். சுற்றிலும் கடல்.

ஐயா, உங்கள் வேலையை நாங்கள் தொடர்வோம். உங்கள் முறைப்படியே, நம்புகிறவரும் நம்பாதவரும் எதிரெதிரே உட்கார்ந்து தொடர்வோம். முதல் வேலையை இப்போதே செய்கிறேன்.

அம்மையின் பெயர் குப்பம்மாள். முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காததால், இதாவது தங்கட்டும் என்று பெற்றவர்கள் குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர். ‘கு’ எழுத்தில் வையுங்கள். கீழே நம்புகிறவளாக என் பெயரைப் போடுங்கள்: மரகதம்.

அன்னம்மாள் அக்கா, இன்றும் நான் நம்புகிறவள்தான். இந்த வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்ற வரலாமா, கூடாதா? தயவுசெய்து சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.