இராக்கம்மா கடைக் காகம்

— விரட்டாதீங்க ஐயா! அது எங்க வீட்டுக்காரரு!

— ஆர், இந்தக் காகமோ? இராக்கம்மா, நான் சுகாதாரப் பரிசோதகர். மனுசன் ஆர், காகம் ஆர் எண்டு எனக்குத் தெரியும்.

— எங்க தெரியும்? அந்த வலது காலைப் பாருங்க, அவரு நொண்டுன மாதிரியே நொண்டுது. அதே அதிகாரப் பார்வை. காலம்பற வடை போடுறதுக்கு முன்னாடியே வந்து நின்னுருவாரு. உசிரோட இருக்கையிலயும் அப்படித்தான், திங்க மட்டும் வருவாரு.

— அவர் இப்ப உங்கட தண்ணிப் பீப்பாவுக்க குளிக்கிறார், தெரியுமோ?

— உசிரோட இருக்கையில குளிச்சதே இல்ல. இப்பவாச்சும் குளிக்கட்டுமே.

— பகிடி விடாதேங்கோ! குப்பைமேட்டில செத்த எலியைக் கொத்திப்போட்டு, இஞ்ச வந்து சொண்டைக் கழுவுது. அதின்ர எச்சத்தில பற்றீரியா. அந்தத் தண்ணியில நீங்கள் சட்னி அரைக்கிறியள். கொழுந்து பறிக்கிற பொம்பிளையள் பாதிப்பேர் வயித்தாலை போய் ஆஸ்பத்திரியில கிடக்கினம்.

— அதுக்கு என் சட்னியா கெடச்சுச்சு? கோயில்ல சுண்டல் குடுத்தாங்களே, அங்க போய்க் கேளுங்க.

— எல்லாம் சோதிச்சாச்சு. மலையில இருந்து பீலியில வாற தண்ணி சுத்தம். உங்கட பீப்பாத் தண்ணிதான் பிழை. மூடி போடுங்கோ, இல்லாட்டி இண்டைக்கே கடைக்குச் சீல்.

— ஐயோ சாமி! சீல் வெச்சா நானும் மகளும் என்னத்தத் திங்கிறது? மயூரி ஏ.எல். பரிச்ச எழுதணும் ஐயா.

— அப்ப மூடி எங்க?

— கோழிக்கூட்டு மேல கெடக்கு. ஆனா போட மாட்டேன். போன தையில வயித்தால போயி, ஒடம்பு வத்தி, "தண்ணி, தண்ணி"ன்னுதான் அவரு உசிர விட்டாரு. அந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணிய மூடச் சொல்றீங்களே, அடுக்குமா?

— போன தையோ? பொறுங்கோ. அதுக்கு முந்தின வருசம் நான் டெங்கு பார்க்க வந்தனான். இதே மர வாங்கில இருக்கேக்க இதே நொண்டிக் காகம்தான் என்ர மீன் வைச்ச மாலுபாணைத் தூக்கினது.

— அது வேற காகமா இருக்கும்.

— கடிக்க வாய் திறக்கேக்க பறிச்சது, மறப்பனோ? உங்கட மனுசன் இந்த இடத்தில நிண்டு கைகொட்டிச் சிரிச்சவர். உயிரோட!

— ஆமா... சிரிச்சாரு. "கோவிச்சுக்காதீங்க ஐயா, அது எங்கம்மா"ன்னாரு.

— அம்மாவோ?

— எங்க மாமியா. அவளும் நொண்டிதான். அவ செத்ததுல இருந்து இதுக்குச் சோறு வெப்பாரு. தன் டம்ளர்லயே தண்ணி காட்டிட்டு, மிச்சத்த அவரு குடிப்பாரு, தீர்த்தமாட்டம். ஏசுனாலும் கேக்க மாட்டாரு, அம்மா புள்ள. அவரு போனப்புறம் எனக்கு மனசு கேக்கல ஐயா. அதே காகத்த அவருன்னு நெனச்சுக்கிட்டேன்.

— டம்ளரிலயோ! இராக்கம்மா, அதாலதான் செத்தவர் எண்டு நான் சொல்ல ஏலாது. ஆனா...

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கல்யாணத்தன்னைக்கே சொன்னா கெழவி, "எம் மகன உங்கிட்ட விட்டு வெக்க மாட்டேன்டி"ன்னு. செத்தும் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அடியே மயூரி, அந்த மூடியக் கொண்டா! மேல வெக்க அம்மிக்கல்லையும் சேத்துத் தூக்கியா, ஒங்க அப்பாயி வந்திருக்கா!